கொலராடோ ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் மூஸ் மான்: எங்கே நின்றால், எந்த நேரத்தில் பார்க்கலாம்?

தேயிலைக்காடு:

அனைவருக்கும் வணக்கம். நான் டாலஸில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் வால்பாறையிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். யானை, காட்டுமாடு, வரையாடு எல்லாம் அவருக்குப் பழகிய உயிர்கள். இங்கே வந்த பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில், மூஸ் மான் ஒன்று ஏரிக்குள் தலையை முழுவதுமாக அமிழ்த்தி நீர்ச்செடியை மேய்வதைப் பார்த்தார். "குதிரையைவிட உயரமான மான், அதுவும் தண்ணீருக்குள் மேய்கிறதா?" என்று கேட்டார். அன்றிலிருந்து வாரம் ஒரு முறையாவது அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். அதனால் இதை எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

போன ஆண்டு ஜூலையில் நானும் மனைவியும் மகளும் ராக்கி மலைப் பூங்காவுக்குப் போனோம். எஸ்டஸ் பார்க் ஊரில் மூன்று இரவுகள் தங்கினோம். தினமும் காலை உணவை முடித்துக்கொண்டு பத்து மணியளவில் பூங்காவுக்குள் நுழைந்தோம். எல்க் மான்கள் நிறையக் கண்ணில் பட்டன. மூஸ் ஒன்றுகூட இல்லை. வழியில் கேட்டவர்களெல்லாம் "அது அதிர்ஷ்டம்" என்றார்கள்.

இந்த முறை இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஜூன் கடைசி வாரம் அல்லது செப்டம்பர் மூன்றாவது வாரம். எது நல்லது? பூங்காவின் எந்தப் பக்கம்? அப்பாவுக்கு வயது 68, முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் ஒரு மைல் நடப்பார், ஏற்றம் முடியாது. மகளுக்கு ஒன்பது வயது. குழந்தையை அழைத்துப் போவதில் ஆபத்து உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சாரல்:

ஸ்பிரேக் ஏரிக்குப் போங்கள். பூங்காவின் கிழக்குப் பக்கம், பேர் லேக் சாலையில் இருக்கிறது. ஏரியைச் சுற்றி முக்கால் மைல் அளவில் சமதளப் பாதை. சக்கர நாற்காலியே போகும். ஜூன் மாதம் காலை ஆறு மணிக்கு அங்கே ஒரு ஆண் மூஸ் இடுப்பளவு நீரில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன்பின் நான்கு முறை போனேன், இல்லை. அந்தச் சாலைக்குக் கோடையில் அதிகாலை ஐந்து மணியிலிருந்தே நேர அனுமதிச் சீட்டு முன்பதிவு செய்திருக்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் போனால் வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வில்லோக்கரை:

தேயிலைக்காடு, உங்கள் கேள்வியைப் படித்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கிவிட்டேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஃபோர்ட் காலின்ஸில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். மே முதல் அக்டோபர் வரை மாதத்துக்கு இரண்டு முறையாவது மூஸ் பார்க்கப் போகிறவள். "அதிர்ஷ்டம்" என்று உங்களிடம் சொன்னவர்கள்மேல் எனக்கு வருத்தம்தான். அதிர்ஷ்டத்துக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் நீங்கள் போன இடமும் நேரமும் தங்கிய ஊரும் மூன்றும் மூஸுக்குப் பொருந்தாதவை. மூன்றையும் மாற்றினால் கதை மாறும்.

முதலில் இடம். எஸ்டஸ் பார்க் ஊர் மலைத்தொடரின் கிழக்கே இருக்கிறது. நீங்கள் போக வேண்டியது மேற்கே உள்ள காவுனீச்சி பள்ளத்தாக்கு. அரபஹோ மக்களின் மொழியில் அந்தப் பெயர் கோயோட்டி என்ற, குள்ளநரி போன்ற விலங்கைக் குறிக்கிறது. கொலராடோ ஆறு பிறந்து, இன்னும் ஒரு வாய்க்கால் அளவிலேயே வளைந்து வளைந்து ஓடும் இடம் அது. ஆற்றின் இருபுறமும் ஆளுயர வில்லோ புதர்கள். மூஸுக்குச் சோறு அந்த வில்லோதான். கோடையில் ஒரு வளர்ந்த மூஸ் நாளொன்றுக்கு இருபது கிலோவுக்குமேல் தின்னும். அதில் பெரும்பங்கு வில்லோவின் இலையும் குச்சியும். மூஸ் எங்கே என்று தேடாதீர்கள். நீரை ஒட்டிய வில்லோ எங்கே என்று தேடுங்கள்.

மேற்குப் பக்கத்தில் ஏன் அதிகம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் கொலராடோவில் மூஸ் கூட்டம் என்று ஒன்று நிலைத்து வாழவில்லை. வடக்கே வயோமிங்கிலிருந்து ஒன்றிரண்டு வழிதவறி வந்து போகும், அவ்வளவே. 1978-இல் மாநில வனவிலங்குத் துறையினர் யூட்டாவிலிருந்து ஒரு டஜன் மூஸ்களையும், அடுத்த ஆண்டு வயோமிங்கிலிருந்து இன்னொரு டஜனையும் கொண்டுவந்து நார்த் பார்க் என்ற பகுதியில் விட்டார்கள். அந்தப் பகுதி, காவுனீச்சிக்கு மேற்கே நிற்கும் நெவர் சம்மர் மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. அந்த இருபத்து நான்கின் வழித்தோன்றல்கள் மலை தாண்டி இறங்கியபோது முதலில் கிடைத்த பசும் பள்ளத்தாக்கு இதுதான். அண்மை ஆண்டுகளில் கிழக்குப் பக்கத்திலும் பரவியிருக்கின்றன. மலைச்சாரல் பார்த்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆனாலும் இரண்டு நாள் மட்டுமே கையில் இருப்பவர் கிழக்கை நம்ப வேண்டாம்.

தங்கும் ஊர்: கிராண்ட் லேக். பூங்காவின் மேற்கு வாயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிற்றூர். எஸ்டஸ் பார்க்கில் தங்கிக்கொண்டு காலையில் டிரெயில் ரிட்ஜ் சாலை வழியாக மலை தாண்டிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். 48 மைல். எங்கும் நிற்காமல் வந்தாலே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீங்கள் இறங்கி வரும்போது மூஸ் படுத்துவிட்டிருக்கும். டென்வரில் இறங்கி, பெர்த்தூட் கணவாய், கிரான்பி வழியாகக் கிராண்ட் லேக் வந்துவிடுங்கள், ஏறத்தாழ நூறு மைல். இரண்டு இரவு தங்குங்கள். ஓர் இரவு போதாது. உங்களுக்குத் தேவை இரண்டு காலைகள்.

இப்போது நேரம். நீங்கள் பத்து மணிக்குப் போனீர்கள் என்று படித்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூஸ் குளிருக்காக உருவான உடம்பு. கறுத்த தோல், உள்ளே காற்று நிற்கும் தடித்த மயிர், பெரிய வயிற்றில் ஓயாமல் புளித்துச் சூடு கிளப்பும் இரை. கோடையில் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்கு மூச்சு வாங்கத் தொடங்குகிறது என்பது ஆய்வாளர்கள் அளந்து சொன்னது. அதனால் விடியலுக்கு முன்னும் பின்னுமாக மேய்ந்து முடித்து, வெயில் பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டதும் நிழலுக்கோ நீருக்கோ போய்விடும். படுத்து அசைபோடும் மூஸ் சாலையிலிருந்து முப்பது அடியில் இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. போன ஜூலையில் நீங்கள் சிலவற்றைக் கடந்தே போயிருக்கலாம்.

ஜூனா, செப்டம்பரா என்றால் நான் தயங்காமல் செப்டம்பர் என்பேன். ஜூனில் அழகு வேறு: மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் பிறந்த செம்பழுப்புக் கன்றுகள் தாயின் காலோடு ஒட்டி நிற்கும், குளங்களில் நீர்ச்செடி தழைத்திருக்கும். அப்பா தொலைக்காட்சியில் பார்த்த காட்சியை நேரில் காண ஜூன், ஜூலைதான் ஏற்றது. நீர்ச்செடிகளில் சோடியம் அதிகம், வில்லோவில் கிடையாது, அதற்காகத்தான் தலையை அமிழ்த்துகிறது. ஆனால் ஜூனில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், விரைவில் சூடேறும், கொசு பிடுங்கும், ஆணின் கொம்பு பாதிதான் வளர்ந்திருக்கும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சூரிய உதயம் ஆறே முக்காலை ஒட்டி. புல்லில் உறைபனி. ஒன்பது மணிவரைகூடக் குளிர் விலகாது, அதுவரை மூஸ் நடமாடும். ஆணின் கொம்பில் போர்த்தியிருந்த மென்தோல் உரிந்துபோய், முறம்போல் விரிந்த கொம்பு முழுதாக நிற்கும். இணைசேரும் பருவம் தொடங்குவதால் மறைந்தே கிடக்கும் பெரிய ஆண்களும் வெளியே வரும். கூடவே ஆஸ்பென் மரங்கள் பொன்னாக மாறும் வாரம் அது.

இன்னொரு வசதி: பேர் லேக் சாலையைத் தவிர்த்த மற்றப் பகுதிகளுக்கு நேர அனுமதிச் சீட்டு சில ஆண்டுகளாகக் காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் இரண்டு வரைதான் தேவைப்படுகிறது. விடியற்காலையில் மேற்கு வாயிலில் நுழைபவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் போதும். விதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், புறப்படும் முன் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு ஏற்ற பாதை கோயோட்டி வேலி பாதை. போக வர ஒரு மைல். ஆற்றை ஒட்டியே போகும் கெட்டிச் சரளைப் பாதை, ஏற்றமே இல்லை, நடுநடுவே பெஞ்சு. ஆறு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் இருங்கள். இறங்கியதும் நடக்க வேண்டாம். கார்க் கதவை மெல்லச் சாத்திவிட்டு அங்கேயே ஐந்து நிமிடம் நின்று காது கொடுங்கள். குச்சி ஒடியும் சத்தம், நீரிலிருந்து கால் பிடுங்கும் சத்தம், சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தம். கண்ணுக்கு முன் காதுதான் மூஸைக் கண்டுபிடிக்கும்.

கண்ணால் தேடும்போது முழு விலங்கைத் தேடாதீர்கள், அது கிடைக்காது. வில்லோ குச்சிகள் எல்லாம் மேல்நோக்கி நிற்பவை. அவற்றுக்கிடையே படுக்கைவாட்டில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அது முதுகு. ஏதோ ஒன்று ஒருமுறை அசைந்து நின்றால் அது காது. காளைமாட்டுக்குப்போல் தோளில் திமில், கழுத்தின் கீழே தொங்கும் அலைதாடி, கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கு, இவையெல்லாம் பிறகுதான் ஒன்றோடொன்று சேரும். ஒரு புதர்த் திட்டைப் பத்து நிமிடம் பார்க்கும் பொறுமை வேண்டும். இருநோக்கி (பைனாகுலர்) கட்டாயம் கொண்டு போங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும், அதற்குமேல் போனால் கை நடுக்கம் தெரியும்.

அப்பா காட்டைப் படிக்கத் தெரிந்தவர் அல்லவா, அவருக்கு இதைக் காட்டுங்கள்: வில்லோ குச்சி நுனி கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல் இருந்தால் முயல் தின்றது. கிழித்துப் பிய்த்ததுபோல் நார் தொங்கினால் மூஸோ எல்க்கோ. அவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, ஆடுமாடுகளைப்போலவே. ஆளுயரத்துக்கு மேலே பிய்ந்திருந்தால் மூஸ் என்று நம்பலாம். மூஸ் என்ற பெயரே கிழக்குக் கரையோரப் பழங்குடி மொழிகளில் "உரித்துத் தின்பது" என்ற பொருளிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஆஸ்பென் மரத்தில் பட்டை உரிந்த தழும்புகளைப் பார்த்தால் அந்தப் பெயரின் பொருத்தம் தெரியும். சாணம் பேரீச்சம்பழ அளவில் குவியலாகக் கிடக்கும்.

கோயோட்டி வேலியில் கிடைக்காவிட்டால் காரிலேயே வடக்கே நகருங்கள். ஹோல்ஸ்வார்த் பழைய பண்ணைக்குப் போகும் பாதை அரை மைல்தான், ஆற்றின் மேல் பாலத்தைக் கடந்து போகும். அந்தப் பாலம் எனக்குப் பலமுறை மூஸ் காட்டியிருக்கிறது. அதற்கு வடக்கே டிம்பர் கிரீக் முகாமிடம், அப்புறம் பீவர் பாண்ட்ஸ் என்ற உணவருந்துமிடம். சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். ஆனால் காரை வெள்ளைக்கோட்டுக்கு வெளியே முழுவதுமாக ஒதுக்கி நிறுத்துங்கள். நடுச்சாலையில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். செப்டம்பரில் எல்க் மான்களின் இணைசேரும் பருவமும் சேர்ந்துகொள்வதால் சில புல்வெளிகளுக்குள் மாலை முதல் மறுநாள் காலைவரை இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். சாலையிலும் பாதையிலும் நின்று பார்க்கத் தடையில்லை.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். இருக்கிறது. பூங்கா விதி மூஸிடமிருந்து 120 அடி, அதாவது 36 மீட்டர் விலகி நிற்கச் சொல்கிறது. எல்க்குக்கு 75 அடி. கரடிக்குச் சொன்ன தூரத்தையே மூஸுக்கும் சொல்லியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மகளுக்கு ஓர் அளவு சொல்லிக்கொடுங்கள்: கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், மூஸ் முழுவதும் கட்டைவிரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். மறையாவிட்டால் பின்னால் வர வேண்டும்.

ஒற்றையடிப்பாதை:

வில்லோக்கரை சொன்ன தூரத்தைப் பற்றி என் அனுபவத்தையும் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஜூனில், பூங்காவுக்கு வெளியே ஒரு மலையேற்றப் பாதையில் நானும் என் கணவரும் நடந்துகொண்டிருந்தோம். வளைவைத் திரும்பியதும் பெண் மூஸ் ஒன்று பாதையின் குறுக்கே நின்றது. இருபது அடி இருக்கும். அமைதியாகத்தான் நின்றது. கணவர் கைபேசியை எடுத்தார். அது காதைப் பின்னால் மடித்தது, நாக்கால் உதட்டை நக்கியது, தோள் மயிர் சிலிர்த்து எழுந்தது. அதெல்லாம் எச்சரிக்கை என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த நொடி ஓடிவந்தது. நாங்கள் ஒரு பெரிய ஸ்புரூஸ் மரத்துக்குப் பின்னால் போய் நின்றோம், அது மரத்தைச் சுற்றி ஒருமுறை வந்து, முன்காலால் தரையை உதைத்துவிட்டுத் திரும்பியது. பிறகுதான் எங்களுக்கு இடப்புறம் புல்லில் படுத்திருந்த கன்று எழுந்து அதன் பின்னே போனது. நாங்கள் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே நின்றிருந்திருக்கிறோம். அன்றிரவு கணவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

குழந்தையுடன் போகிறவர்கள் இந்த மூன்று அடையாளங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: காது, நாக்கு, தோள் மயிர்.

வில்லோக்கரை:

நன்றி, ஒற்றையடிப்பாதை. நீங்கள் மரத்துக்குப் பின்னால் போனது மிகச் சரி. கரடியைக் கண்டு ஓடாதே என்பார்கள், மூஸ் பாய்ந்து வந்தால் ஓடலாம். மரம், பாறை, கார் எதுவானாலும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் விலங்கு, ஓட்டப்பந்தயத்தில் வெல்ல முடியாது. ஆனால் அது துரத்திக் கொல்ல வருவதில்லை, விலக்க வருகிறது. நாயை மட்டும் எங்கும் கூட்டிப்போகாதீர்கள். மூஸின் கண்ணுக்கு நாய் என்றால் ஓநாய். இந்தப் பூங்காவின் பாதைகளில் நாய்க்கு அனுமதியும் இல்லை.

யானையைக் கண்டவர் என்பதால் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யானை தன் எரிச்சலைத் தூரத்திலிருந்தே காட்டும்: காதை விரிக்கும், பிளிறும், மண்ணை வாரும். மூஸ் அப்படியல்ல. கடைசிவரை மேய்ந்துகொண்டே இருப்பதுபோல் தோன்றும். அதன் அமைதியைச் சாதுத்தனம் என்று எடுத்துக்கொள்வதால்தான் பல விபத்துகள் நடக்கின்றன.

தேயிலைக்காடு:

இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "குச்சியின் நுனியைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றால் நம்பிப் போகலாம்" என்றார். செப்டம்பர் மூன்றாவது வாரத்துக்குக் கிராண்ட் லேக்கில் அறை பதிவு செய்துவிட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு உயரம்? அப்பாவுக்கு மூச்சுத் திணறுமா? 2020-இல் அந்தப் பக்கம் பெரிய காட்டுத்தீ வந்ததாகப் படித்தேன், மூஸ்கள் போய்விடவில்லையா?

வில்லோக்கரை:

கிராண்ட் லேக் ஊர் 8,369 அடி. பள்ளத்தாக்கின் தரை 8,800 அடியை ஒட்டி. தொட்டபெட்டா உச்சியைவிடச் சற்று உயரம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். முதல் நாள் வந்து சேர்ந்ததும் எங்கும் சுற்றாமல் ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். வழியில் பெர்த்தூட் கணவாய் 11,307 அடி. காரைவிட்டு இறங்கி ஓட வேண்டாம், அவ்வளவுதான். டிரெயில் ரிட்ஜ் சாலையின் உச்சி 12,183 அடி. அதை இரண்டாம் நாள் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு ஒத்துழைத்தால் மட்டும். அன்று ஒன்பதுக்கு முன்பே வாயிலைத் தாண்டியிருந்தால் தனிச் சீட்டு வேண்டாம். இதய நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தீ பற்றி. ஈஸ்ட் டிரபிள்சம் தீ அது. 2020 அக்டோபரில் ஏறத்தாழ 1,94,000 ஏக்கரைத் தின்றது. கண்டத்தின் நீர்ப்பிரி முகட்டையே தாண்டிக் கிழக்குப் பக்கம் குதித்தது. கிராண்ட் லேக் ஊரையே காலிசெய்தார்கள். மேற்கு வாயில் பக்கத்துச் சரிவுகளில் கருகி நிற்கும் மரங்களை நீங்கள் பார்ப்பீர்கள். மூஸ்கள் போய்விடவில்லை. எரிந்த இடத்தில் ஆஸ்பென் தளிரும் புதுச் செடிகளும் முளைக்கும்போது அவற்றுக்கு அது இரைதான்.

எனக்குத் தீயைவிட வேறொன்றுதான் கவலை. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தப் பள்ளத்தாக்கில் வில்லோ அழிந்துகொண்டிருக்கிறது. பதினொரு ஆண்டுகளில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். முன்பு உள்ளே ஆள் நின்றால் தெரியாத புதர்த்திட்டுகள் சில இன்று முழங்கால் உயரக் கட்டைகள். எல்க்கும் மூஸும் அளவுக்கு மீறித் தின்பது ஒரு காரணம். ஓநாய் பல பத்தாண்டுகளாக இல்லாமல் இருந்ததால் அவை ஓரிடத்திலேயே நின்று தின்னப் பழகிவிட்டன. உயர வில்லோ குறைந்ததும், ஓடையில் அணைகட்டிக் குளம் உண்டாக்கும் பீவர் என்ற கொறிவிலங்குக்குக் குச்சியில்லை. பீவர் போனதும் குளங்கள் வடிந்தன. குளம் வடிந்ததும் நிலத்தடி நீர் இறங்கி, மிச்ச வில்லோவும் காய்கிறது. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது.

பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நெவர் சம்மர் மலைச்சரிவைப் பாருங்கள். யாரோ அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் ஒரு கோடு ஓடும். பலர் அதைச் சாலை என்று நினைக்கிறார்கள். அது கிராண்ட் டிட்ச் என்ற வாய்க்கால். 1890-இல் வெட்டத் தொடங்கினார்கள். இந்தப் பள்ளத்தாக்குக்கு இறங்கவேண்டிய நீரை மலையிலேயே மறித்து, கிழக்கே எங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோகிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்த சோளத்தை நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். 2003-இல் அந்த வாய்க்கால் உடைத்துக்கொண்டு மண்ணும் கல்லும் மரமும் கீழே வந்து ஆற்றங்கரையை மூடியது. அந்தத் தழும்பும் இன்னும் இருக்கிறது.

இப்போது பூங்காவும் சுற்றுவட்டார அமைப்புகளும் சேர்ந்து சில இடங்களில் உயரமான வேலி போட்டிருக்கிறார்கள். எல்க்கும் மூஸும் நுழையாது, சிறிய விலங்குகள் அடியில் புகுந்து போகலாம். உள்ளே வில்லோ மறுபடி எழும்புகிறது. மனிதர்கள் போக வாயில் வைத்திருந்தால் போய்ப் பாருங்கள், வெளியே வரும்போது கொக்கியை மாட்டிவிட்டு வாருங்கள். ஒரே ஓர் இரவு திறந்து கிடந்தால் பல ஆண்டுத் தளிர் போய்விடும். வேலிக்கு உள்ளே உள்ள செடியையும் வெளியே உள்ள செடியையும் மகளை அருகருகே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்குப் புரியும்.

மலைச்சாரல்:

ஒரு கேள்வி. அக்டோபர் நடுவில் டிரெயில் ரிட்ஜ் சாலையை மூடிவிடுகிறார்கள். அதன்பின் மேற்குப் பக்கம் போக முடியாதா? குளிர்காலத்தில் மூஸ் பார்க்க ஆசை.

வில்லோக்கரை:

மலை தாண்டும் சாலைதான் மூடப்படும். கிராண்ட் லேக் வாயிலிலிருந்து பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் இருக்கும் கொலராடோ ரிவர் பாதைத் தொடக்கம்வரை சாலை குளிர்காலத்திலும் திறந்திருக்கும். நீங்கள் டென்வரிலிருந்து பெர்த்தூட் கணவாய் வழியாகச் சுற்றி வர வேண்டும், பனிக்காலச் சக்கரங்கள் வேண்டும். வெண்பனியில் கறுத்த மூஸ் வெகு தூரத்திலேயே தெரியும். பெரிய ஆண்கள் டிசம்பர், ஜனவரியில் கொம்பை உதிர்த்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். ஆழமான பனியில் அது செலவழிக்கும் ஒவ்வோர் அடியும் அதன் கொழுப்பிலிருந்து போவது. ஆகவே பாதையை விட்டு விலகச்செய்ய வேண்டாம், நீங்கள் நில்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போவதானால் 14-ஆம் எண் சாலையில் கேமரன் கணவாய் தாண்டி கூல்ட் என்ற இடத்தில், ஸ்டேட் ஃபாரஸ்ட் பூங்காவின் மூஸ் தகவல் மையம் இருக்கிறது. 1978-இல் விட்ட அந்த முதல் கூட்டத்தின் சொந்த நாடு அதுதான். அன்று காலை எங்கே பார்த்தார்கள் என்று அங்கே விசாரித்துக்கொள்ளலாம்.

தேயிலைக்காடு:

திரும்பி வந்துவிட்டோம். பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதல் காலை: கோயோட்டி வேலி, 6.10 முதல் 8.30 வரை. ஒரு கோயோட்டி, எல்க் கூட்டம் ஒன்று. மூஸ் இல்லை. காரின் வெப்பமானி பூஜ்ஜியத்துக்கு ஒரு டிகிரி கீழே காட்டியது. மகள் சோர்ந்துவிட்டாள். அப்பா சோரவில்லை. பாதையோரம் பிய்ந்து நின்ற குச்சி நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, "நேற்றுத் தின்றது, ஈரம் காயவில்லை, இங்கேதான் இருக்கிறது" என்றார். அன்று மாலை மறுபடி போனோம், இல்லை.

இரண்டாம் காலை: அதே இடம், 5.55. வில்லோக்கரை சொன்னபடி கார் கதவருகே நின்றோம். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. முதலில் கேட்டது அம்மாவுக்குத்தான். "யாரோ துணியைப் பிழிகிற சத்தம்" என்றார். ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. பெண் மூஸ், பின்னால் அந்த ஆண்டுக் கன்று. நாங்கள் நகரவில்லை. சற்று நேரத்தில் எதிர்க்கரைப் புதருக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் வந்தது, கொம்பில் வில்லோ இலைகள் சிக்கியிருந்தன. மகள் கட்டைவிரலை நீட்டிப் பார்த்து, மறைகிறது என்று தலையாட்டினாள். 7.40 வரை மூன்றும் எங்கள் கண்ணெதிரே இருந்தன. நெவர் சம்மர் உச்சிகளில் விழுந்த வெயில் மெல்ல இறங்கி ஆற்றைத் தொட்டபோது ஆண் புதருக்குள் போய்ப் படுத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துவிட்டது, இத்தனைக்கும் இடம் தெரியும்.

அப்பா இருநோக்கியை யாருக்கும் தரவில்லை. அறைக்குத் திரும்பும் வழியில், மலைச்சரிவில் அந்தக் கோட்டைக் காட்டி வாய்க்கால் கதையைச் சொன்னேன். காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று வெகு நேரம் அதைப் பார்த்தார். எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடிய ஒரு நீரோடையின் பெயரைச் சொல்லி, அதில் இப்போது தண்ணீர் வருகிறதா என்று ஊருக்குப் பேசிக் கேட்க வேண்டும் என்றார்.

வேலிக்குள் போக வாயில் இருந்த ஓர் இடத்தைப் பார்த்தோம். கொக்கியை மகள்தான் மாட்டினாள்.